செல்வமணி டீச்சரிடம் மட்டும் சொன்ன வலி

வெள்ளிக்கிழமை மாவிளக்குப் போட மாவு இடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து மதியமே திரும்பிய என் மகள் அபிராமி, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "செல்வமணி டீச்சர் போயிட்டாங்கம்மா. நெஞ்சுவலியாம்" என்றாள். அவள் அழுததைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. எனக்கு ஒன்று ஆனால் இப்படி அழுவாளா என்றுதான் தோன்றியது. டீச்சரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து எழுத எனக்கு வராது.

நம் ஊர்ப் பெண்கள் பள்ளியில் அவர் விளையாட்டு டீச்சர். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். வீட்டில் திட்டு விழாமல் இருக்க, பாட்டில் தண்ணீரைப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வருவார்கள். காலிப் பாட்டிலைப் பார்த்து நானும் நிம்மதியாக இருந்தேன். டீச்சர் ஈரமான மண்ணைப் பார்த்தார். "தாகம் மரத்துக்கா, உனக்காடி?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து இடைவேளை தோறும் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக் காவல் நின்றார்.

ஒரு நாள் அபிராமியை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வீட்டுக்கே கூட்டிவந்தார். அவள் உடம்பு கொதித்தது.

"யூரின் இன்ஃபெக்‌ஷன் மாதிரி இருக்குங்க. யாரோ ஒரு பொண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையாம். பழைய அட்டையக் காட்டி மெடிக்கல்ல வாங்கி, வகுப்புல ஆளுக்கு ரெண்டாப் பிரிச்சுப் போட்டுக்கிறாங்க. எரிச்சல் நின்னதும் விட்டுடறாங்க, அப்புறம் திரும்ப வருது. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். வீட்டில் உப்பு எப்போது தீரும் என்று எனக்குத் தெரியும். இது தெரியவில்லை.

"என்கிட்ட சொல்லாதத உங்ககிட்ட எப்படிங்க சொன்னா?" என்றேன். குரலில் இருந்த காரம் அவருக்குப் புரிந்திருக்கும்.

"மொகத்தப் பாத்தா சொல்ல மாட்டாங்கங்க. நான் திரும்பி நிக்கிறேன்ல, உள்ளேருந்தே எல்லாத்தையும் சொல்லிடுவாங்க" என்று சிரித்தார்.

காய்ச்சல் இறங்கியதும் மகளிடம் கேட்டேன். "அங்க எரியுதுன்னா நீ தப்பா நெனப்பியோன்னு பயம்" என்றாள்.

"டீச்சர் நெனைக்க மாட்டாங்களா?"

"அவங்க ஒண்ணும் கேக்கலம்மா. 'டாக்டர் கொடுத்தத முழுசா முடிக்கணும், பாதியில விட்டா பாதி நோய் உள்ளயே உக்காந்திருக்கும்'னு மட்டும்தான் சொன்னாங்க."

பெற்றவள் நான், பேச்சு அங்கே. பாவாடை அளவு முதல் பரீட்சை பயம் வரை எல்லாம் டீச்சரிடம்தான். கோயிலில் என்னைப் பார்த்தால், "அபிராமி எப்படிங்க இருக்கா?" என்று அவர் அன்பாகத்தான் கேட்பார். அந்த அன்பே எனக்கு எரிந்தது. அவள் பெயருக்கு அர்ச்சனை செய்த ஒவ்வொரு வெள்ளியும், 'தாயே, அவ என்கிட்ட வரணும்' என்று வேண்டினேன்.

டீச்சரின் காரியம் முடிந்த மறுநாள், அபிராமி அடுப்படிக்கு வந்து நின்றாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரண்டு மாத்திரைகள்.

"திரும்ப எரியுதும்மா. கூடப் படிக்கிறவ கொடுத்தா. இன்னும் போடல."

அடுப்பை அணைத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

லேடி டாக்டர் வீட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, "டீச்சர் இருந்திருந்தா அவங்ககிட்டதான் சொல்லியிருப்பேன்" என்றாள் அபிராமி.

"தெரியும்டி" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்தாள்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என் மகளிடம் அவர் இருந்த இடம்தான். அதை அம்மனிடம் கேட்டவள் நான். இப்படிக் கேட்கவில்லை.