இடது கைக்காரர் வரைந்த மரங்கள்

போன வாரம் டெய்ரி ஃபார்ம் என்ற ஏரியாவில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை... அண்ணன் மகள் ஷபானா என் கையில் பேப்பரையும் பென்சிலையும் திணித்துவிட்டாள்.

“மாமி, ஒரு மரம் போட்டு நிழல் அடிங்க. ஜல்தி!”

எனக்கு வரையத் தெரியாது. யார் விட்டார்கள்? அண்ணன், மதினி, பக்கத்து வீட்டு பெங்காலி பாபி — எல்லாரும் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். “டேடா ஹோ கயா, சலேகா?” — கோணலாகிவிட்டதே, பரவாயில்லையா என்று பாபிக்குக் கவலை வேறு.

விஷயம் இதுதான். ஷபானா நெதர்லாந்தில் கலை வரலாறு படிக்கிறாள். லீவுக்கு வந்திருக்கிறாள். அங்கே ஒரு மியூசியத்தில் ஒரு பழைய டச்சு நிலக்காட்சிப் படம் — ஆற்றங்கரை, வளைந்த மரங்கள், தூரத்தில் ஒரு காற்றாலை. பேனாவால் பழுப்பு மையில் வரைந்தது. கையெழுத்து கிடையாது. யாரோ ஒரு பெரிய ஓவியருடையது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவளுடைய புரொபசரும் அப்படியே எழுதியிருக்கிறார்.

இவளுக்குத்தான் சந்தேகம்.

எங்கள் மரங்களை வரிசையாக வைத்தாள். எங்கள் நிழல் கோடுகள் எல்லாமே வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அவளுடையது மட்டும் இடப்பக்கம். நாங்கள் எல்லாரும் வலது கைக்காரர்கள், ஷபானா இடது கைக்காரி.

“அந்தப் படத்துலயும் என்னைய மாதிரிதான் சாயுது மாமி. ஆனா அந்தப் பெரிய ஓவியர் வலது கைக்காரர்.”

மதினி பதறினார். “மேல்படிப்புக்கு உன் புரொபசருதானே கையெழுத்துப் போடணும்? அவரையே தப்புன்னு சொல்லப் போறியா?”

“கண்ணுக்குத் தெரியுதே உம்மா... எப்படிச் சும்மா இருக்கிறது?”

மத்தியானம் வீடியோ காலில் புரொபசர். வெளியே நல்ல மழை. ஷபானா எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் மரங்களையும் காட்டினாள். (என்னுடையது முருங்கைக்காய் போல இருந்தது.)

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“நெட்வொர்க் கயா” என்றார் அண்ணன், மெதுவாக.

போகவில்லை. புரொபசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் கம்ப்யூட்டரில் இருந்த படத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சொன்னார் — “இது மட்டும் போதாது. ஆனால் இனிமேல் அந்தப் பெயரை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மையையும் காகிதத்தையும் சோதிப்போம். கட்டுரையை நீயே எழுது.”

மதினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஷபானா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையை மட்டும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“அப்ப வரைஞ்சது யாரு?” என்றார் அண்ணன்.

“தெரியாது வாப்பா. தேடணும்.”

ஒரு பெரிய பெயர் ஒட்டிவிட்டால், அப்புறம் நாம் படத்தையா பார்க்கிறோம்? பெயரைத்தானே பார்க்கிறோம்!

நேற்று போன் செய்தாள். வேறொரு மியூசியத்தின் வெப்சைட்டில், ‘ஓவியர் தெரியவில்லை’ என்று போட்டிருந்த ஒரு படத்தைப் பார்த்தாளாம். அதே வளைந்த மரங்கள். இடப்பக்கம் சாயும் அதே நிழல்.

“மாமி, இன்னொன்னு மாட்டிருச்சு!”

இத்தனை நூறு வருஷம் கழித்து அந்த மனிதரை ஒருத்தி தேட ஆரம்பித்திருக்கிறாள்... அவர் இனி ரொம்ப தூரம் போய்விட முடியாது.