நீலம் போகும்வரை

"இன்னும் நீலம்!" ஈரப் பஞ்சை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுக் கூடையில் வீசுகிறார் பல் மருத்துவர் திரிபுரசுந்தரி. அடுத்த பஞ்சு. மறுபடி தண்ணீர். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர் முனகினால், "அப்படியே கெடங்க. பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும் ஒருத்தரையும் எந்திரிக்க விடமாட்டேன்" என்பார். காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் இந்தச் சத்தம் தினமும் கேட்கும். கீழே டீக்கடைக்காரருக்குக்கூடப் பழகிவிட்டது.

சொத்தைப் பல்லின் குழிக்குள் நீல மருந்தை வைத்து, அதன்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் கிருமி செத்துப்போகும். பல்லை அதிகம் குடைய வேண்டியதில்லை. ஆனால் அடைப்பதற்கு முன் அந்த நீலத்தைச் சுத்தமாகக் கழுவி எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் பல்லுக்குள் ஊறி, வெளியே மைக்கறையாகத் தெரியும். இந்த ஒரு வேலையில் மட்டும் அம்மையாருக்கு அப்படியொரு பொறுமை. மற்ற எல்லாவற்றுக்கும் மூக்குக்கு மேல் கோபம். திட்டுவதற்கென்றே முகக்கவசத்தை இறக்குவார். டீயை ஆறவிட்டுக் குடித்துவிட்டு, ஆறவிட்டது யார் என்று வேறு கேட்பார்.

இன்று காலையிலிருந்து கவசம் தாடைக்குக் கீழேயே கிடந்தது. காரணம் சுரக்குடி ஓவியா; கோட்டுச்சேரியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். போன வாரம் திரிபுரசுந்தரி ஊரில் இல்லாதபோது, அவரிடம் வேலை பார்க்கும் இளம் டாக்டர் ராஜ்மோகன் அவளுடைய முன்பல்லுக்கு இந்த வைத்தியம் செய்து, கழுவாமலே அடைத்து அனுப்பிவிட்டார். பல் நீலம் பாரித்துவிட்டது.

"'டீச்சர், மை குடிச்சீங்களா'ன்னு கேக்குதுங்க டாக்டர். வாயத் தொறந்து ஒரு பாட்டு சொல்லிக்குடுக்க முடியல" என்று கையால் வாயை மூடிக்கொண்டே அழுதாள் அந்தப் பெண்.

திரிபுரசுந்தரி உடனே ராஜ்மோகனைப் போனில் பிடித்தார்.

"அவங்க அப்பாதான் மேடம், பஸ்ஸு போயிடும், கழுவாதீங்கன்னு..."

"அவரு சொன்னா? நீ படிச்சியா, அவரு படிச்சாரா? அவசரம்னா பல்லத் தொடாம அனுப்ப வேண்டியதுதான!"

அந்த அப்பா கோவிந்தராசு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த வேட்டியில். டாக்டர் வெளியே வந்து கேட்டதும் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "வேட்டிய நீலத்துல முக்குனாத்தான டாக்டரம்மா பளிச்சுன்னு வெளுக்குது? பல்லுக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். இருக்கட்டும், விடுங்க தம்பின்னேன்."

"அட கடவுளே! பல்லு என்ன துணியா, அலசிக் கொடியில காயப்போட?" தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கவசத்தை ஏற்றிக்கொண்டு அடைப்பைக் குடைந்து எடுத்தார். கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். பெரும்பாலும் போய்விட்டது. ஈறோரம் ஒரு கோடு மட்டும் அசைவேனா என்று நின்றது. அது இருக்கிற வரைக்கும் அவள் வாயிலிருந்து கை இறங்காது. இன்னும் நேரமாகும் என்று சொல்ல வெளியே வந்தார்.

"ஒரு கோடுதான? கெடந்துட்டுப் போவட்டும். அத யாரு உத்துப் பாக்கப் போறா? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் கோவிந்தராசு.

திரிபுரசுந்தரி உள்ளே போய், நீல மருந்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு வந்து, அவர் வேட்டியில் முழங்காலுக்கு மேலே ஒரே ஒரு கோடு இழுத்தார்.

கோவிந்தராசு பதறி எழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தபடி, அந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.