தொப்பி போட்ட ராசா

அன்று படம் பார்த்தவர்கள்: நான். என் மனைவி. மனைவியின் தமையன், எனக்கு மச்சான். எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார். அவருடைய மனைவி. பக்கத்து வீட்டு அக்கா, மடியில் அரிசிச் சுளகோடு. வாசலில் எங்கள் நாய்.

எழுவைதீவில் சோளகக் காற்றுப் பிடித்து ஐந்தாம் நாள். காற்றுக்குக் கடல் போக ஏலாது. வள்ளங்களை மேலே இழுத்துவிட்டுச் சும்மா இருந்தோம். அண்ணாவியாரின் மகள் பிரான்சிலிருந்து வந்து நின்றபோது விட்டுப்போன பென்டிரைவில் அந்தப் படம் இருந்தது. சீனப் படம். பெயர் வாசிக்க எங்களுக்குத் தெரியாது. நடித்த ஆளைத் தெரியும். சின்ன வயதில் வீடியோ ஓடும் கொட்டில்களில் பார்த்த சண்டைக்காரர்தான்.

இதில் அவர் வெறும் மேலோடு அடிபட்டுச் சண்டை பிடிக்கவில்லை. பழைய காலத்துப் பட்டணம். ஆண்கள் எல்லோரும் கோட்டும் தொப்பியும். தெரு நிறையக் கறுப்புக் கார். இவர் ஒரு ரவுடிக் கூட்டத்துக்குத் தலைவர். பெரிய ஹோட்டல் ஒன்றில் இருக்கிறார். அந்தக் கூரையில் தொங்கிய கண்ணாடி விளக்கு ஒரு வள்ளத்தளவு இருக்கும். அதையும் விழுத்தி உடைத்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சுளகைக் கீழே வைத்தார். "பாழ்படுவாங்கள். இறக்கி வைச்சிட்டு அடிபட்டிருக்கலாம்."

பேச்சு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இருக்கவில்லை. தலைவர் நல்ல கோட்டோடு படியில் உருளுவார். சூப்புச் சட்டிக்குள் இருப்பார். எழும்பித் தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடப்பார். அவ்வளவுதான் படம். இரண்டு தரம் போட்டுப் பார்த்தோம். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது.

முடிந்ததும் அண்ணாவியார் சொன்னார். "திருநாளுக்கு இதைத்தான் போடுறம். பாட்டு நான் கட்டுறன்."

திருநாளுக்கு மூன்று கிழமை இருந்தது. வருசா வருசம் திருநாள் பூசை முடிய, பின்னேரம் எங்கள் வேதக் கோயில் முற்றத்தில் கூத்துப் போடுவோம். ராசா, மந்திரி, சேனாபதி. மச்சான்தான் எப்போதும் ராசா. ஆள் உயரம். குரலும் இருக்கிறது.

ரவுடித் தலைவர் வேசத்தையும் மச்சான் கேட்டு வாங்கினார். காரணம் ஊருக்கே தெரியும்.

அவருடைய மனைவி செத்து ஆறு வருசம். ஊர்காவற்றுறையில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவரை என் மனைவி தமையனுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். அவரும் கணவனை இழந்தவர். பெண் பார்க்கிறதென்று தட்டத்தோடு போகிற வயது இரண்டு பேருக்கும் இல்லை. ஆகவே அவர் மாமியோடு திருநாளுக்கு வருவார். ஆளைப் பார்ப்பார். பிடித்தால் மேலே பேச்சு. பிடிக்காவிட்டால் கும்பிட்டுவிட்டுப் படகேறிப் போவார். யாருக்கும் வெட்கக்கேடு இல்லை.

மச்சான் பக்கத்தில் பேச்சுத் தேவைப்படவில்லை. அந்த மாதம் அவர் நாலு காற்சட்டை கொண்டுபோய் அந்தக் கடையில் நீளம் குறைத்தார். வீட்டில் கட்டுவது சாரம்.

பழகத் தொடங்கினோம். எனக்கு எதிரி வேசம்.

"மச்சான், இதில நான் தள்ள நீ விழவேணும்," என்றேன்.

"நான் விழமாட்டன்."

"படத்தில விழுறார்."

"அவரை ஆர் பார்க்க வாறது?"

என் மனைவி சொன்னாள். "அண்ணை, நீ விழாட்டி அதில என்ன பகிடி?"

"உனக்குப் பகிடி. நிக்கக்கூடத் தெரியாதவன் எண்டு அவ நினைச்சால்? அடுத்த படகில போயிடுவா."

அண்ணாவியார் அதைக் கூத்து முறையில் தீர்த்தார். கூத்தில் ராசா விழுவதில்லை. வரவுப் பாட்டோடு வருவார். நாலு சுற்று ஆடுவார். நிமிர்ந்து நிற்பார். அடி படாமலே எதிரி விழுவான். ரவுடிக்கும் அப்படியே வரவு வைத்தார். சுற்று மச்சானுக்கு. விழுகிறது எனக்கு.

திருநாள் பின்னேரம் மூன்று மணி. பீப்பாக்களுக்கு மேல் பலகை அடுக்கி மேடை. ஐஸ் பெட்டிகளுக்குக் கறுப்பு மை பூசி ஒரு கார். ஹோட்டலுக்கு ஒரு மேசை. மச்சானுக்கு, அண்ணாவியாருக்கு மகள் கொண்டுவந்து கொடுத்த பிரான்சுக் கோட்டு. தொப்பி. காலுக்குப் பங்குச் சுவாமி தன்னுடைய கறுப்புச் சப்பாத்தைக் கொடுத்திருந்தார். மச்சான் சப்பாத்துப் போட்டது முதல் கலியாணத்துக்கு மட்டும்.

தையல் கடைக்காரர் பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் மாமியோடு இருந்தார். நீலச் சேலை. மச்சான் திரை ஓட்டையால் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முகம் வேர்த்திருந்தது.

மத்தளம் அடித்தது. மச்சான் வந்தார். சனம் ஒரு சத்தமில்லை. ராசா வரவுக்கு எங்கள் சனம் இருமவும் மாட்டாது. கோட்டுப் போட்டாலும் வரவு வரவுதான். பூசையில் இருக்கிற மாதிரி இருந்தார்கள்.

நான் விழுந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பவும் விழுந்தேன்.

"பாவம்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அது முற்றம் முழுக்கக் கேட்டது.

அண்ணாவியார் மத்தளத்துக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். நீலச் சேலை கைக்கடிகாரத்தைப் பார்த்தது. அதை மச்சானும் கண்டார்.

மூன்றாம் சுற்றில் சப்பாத்து வழுக்கியது. கால் இரண்டும் மேலே. ஆள் முழுதாகப் போய்க் காருக்குள் விழுந்தார். ஐஸ் பெட்டி பிளந்தது.

மத்தளம் நின்றது. மச்சான் பெட்டிக்குள் கிடந்தபடி பெண்கள் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். தையல் கடைக்காரர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பிறகு பொத்த ஏலாமல் கையை எடுத்துவிட்டார். அவர் தொடங்க, முற்றம் முழுக்கச் சிரித்தது. சுவாமியும்.

மச்சான் எழும்பினார். தொப்பியைச் சரி பண்ணினார். எனக்குக் கிட்ட வந்து மெல்லச் சொன்னார்.

"தள்ளு."

"என்ன?"

"தள்ளு மடையா."

தள்ளினேன். விழுந்தார். எழும்பினார். நான் தொடாமலே விழுந்தார். மேசையோடு விழுந்தார். முதல் வழுக்கினதோடு சேர்த்து எட்டுத் தரம். அண்ணாவியார் வரவுப் பாட்டை விட்டுவிட்டு விழுகிற ஒவ்வொன்றுக்கும் மத்தளத்தில் ஒரு அடி வைத்தார். ஆறு வருசமாக நான் அந்த மனிசனை அப்படிக் காணவில்லை.

பின்னேரப் படகு இறங்குதுறையில் நின்றது. மச்சான் இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். தையல் கடைக்காரர் படகில் ஏற முன்னம் அவரிடம் வந்தார்.

"கோட்டுக்குத் தோள் அளவு பிழை. கொண்டு வாங்கோ, திருத்தித் தாறன்."

"எப்ப வரட்டும்?"

"நாளைக்குக் கடை பூட்டு. நாளையிண்டைக்கு வாங்கோ."

பிறகு என் மனைவியைப் பார்த்தார். "அக்கா, ஞாயிறு மாமி வீட்டில நிப்பா. நீங்களும் உங்கட அண்ணையும் வந்து கதையுங்கோ."

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். இரண்டு நாள் நொந்தது.

ஒரு கால் படகில், ஒரு கால் கரையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார்.

"அண்ணை, நீங்கள்தானே பக்கத்தில நிண்டனீங்கள். இவர் வேணுமெண்டு விழுந்தது எத்தினை தரம்?"

மச்சான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு," என்றேன்.