வான்கோழி வேட்டைக்கு ஒரு பதிஞ்ச கதிரை

எனக்கு ஒரு கதிரை வேணும் எண்டு சொன்னவுடன, மகள் போனில தேடி, கால் நீட்டிச் சாஞ்சு ரீவி பாக்கிற கதிரையொண்டைக் காட்டினாள். "உது இல்லைப் பிள்ளை," எண்டன். "தோளில கொழுவிக்கொண்டு காட்டுக்குள்ள நடக்கக்கூடியது. வான்கோழி வேட்டைக்கு." அவள் போனை மேசையில வைச்சிட்டு "அப்பா, அம்மாவைப் பாருங்கோ!" எண்டு கத்தினாள்.

சண்டை அதில துவங்கினது.

கியூபெக்கில புவாண்ட்-கிளேர் எண்ட இடத்தில ஒரு வேர்ஹவுசில பெட்டி கட்டுறதுதான் என்ர வேலை. ஒரே மேசையில எனக்கு எதிர நிண்டு பெட்டி கட்டுறவள் ஒரு கியூபெக் மனிசி, என்ர வயசுதான் இருக்கும். சில வருசத்துக்கு முந்தி ஒரு வசந்த காலத்தில, வான்கோழி வேட்டைக்குப் போறன், வாறியோ எண்டு கேட்டாள். என்னதான் நடக்குதெண்டு நான் சும்மா விடுப்புப் பாக்கத்தான் போனனான். மரத்தில சாஞ்சுகொண்டு விடியிறதைப் பாத்தன். ஒருத்தரும் தேத்தண்ணி கேக்கேல்லை. ஒருத்தரும் "என்ர சொக்ஸ் எங்கை" எண்டு கூப்பிடேல்லை. கலியாணம் கட்டின நாள் தொட்டு நான் அப்பிடி ஒரு விடியலைக் கண்டதே இல்லை. வகுப்புக்குப் போய், சோதினை எழுதி, லைசென்ஸ் எடுத்து, சுடுறதுக்கு ஒரு துவக்கும் வாங்கிப்போட்டன்.

என்ர மனிசனுக்கு உது அண்டைக்கே பிடிக்கேல்லை. "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள், இப்ப நீர் துவக்கைத் தூக்குறீர்," எண்டார். "அப்ப துவக்கு மற்றவன்ர கையில இருந்தது," எண்டன் நான். அதுக்குப் பிறகு கனநாளா அவரின்ர முகம் சரியா வரேல்லை.

போன மாரிக்கு பஸ் தரிப்பில ஐஸ் வழுக்கி விழுந்தன். இடுப்பெலும்பு உடைஞ்சு நாரி போச்சுது, ஒப்பரேசன் செய்தவை. இப்ப நடப்பன், படி ஏறுவன், வேலைக்கும் திரும்பிப் போறன். நிலத்தில இருந்தா மட்டும் எழும்ப ஏலாது. கோயிலில சுவரோரமா ஏலாத ஆக்களுக்கு எண்டு பிளாஸ்டிக் கதிரை அடுக்கியிருக்கும். வெள்ளிக்கிழமையில என்னைக் கைத்தாங்கலாக் கொண்டுபோய் அதில இருத்துவினம். ஒரு மனிசி என்னை எழும்பவிடாமல் திருநீறும் கொண்டுவந்து தருவா. எனக்கு விசர் வரும். ஐம்பத்தெட்டு வயசில நான் என்ன, அடுக்கி வைக்கிற சாமானோ?

வசந்தம் வந்துது. மனிசன் கடைசியா ஒரு கதை சொன்னார். "இஞ்சாரும், ஒரு விடியக்காலை போம். மத்தியானம் வரைக்கும் இருந்து, ஆரும் பிடிச்சுத் தூக்காமல் நீராவே எழும்பினா, நான் வாய் திறக்கமாட்டன். ஏலாட்டி அந்தத் துவக்கை வித்துப்போடுவம்." மகளும் தலையாட்டினாள். நான் ஓம் எண்டன்.  

அப்ப கதிரைதான் எல்லாம். வான்கோழிக்கு மணம் பெரிசாத் தெரியாது, கண்தான் பொல்லாத கண். நீங்கள் கன்னத்தில இலையான் இருக்கெண்டு விரலைத் தூக்கினாலும் கண்டிடும். அதால மரத்தோட மரமா, பதிஞ்சு, அசையாமல் இருக்கவேணும். முழங்காலை மடிச்சு அதில துவக்கைத் தாங்கவேணும். கதிரை உயரமெண்டா முழங்கால் இறங்கிப்போம், தலையும் மேல தெரியும். தரையோட தரையா எண்டா என்ர நாரி எழும்ப விடாது. பாரமெண்டா நான் தூக்கேலாது. வேலையிடத்துச் சிநேகிதி தூக்கித் தந்து நான் போறதெண்டா, பேசாமல் கோயில் கதிரையிலயே இருக்கலாம்.

சனிக்கிழமை மனிசன் காரில கடைக்குக் கொண்டுபோய் விட்டார். விட்டிட்டு, தன்னை ஆரும் என்னோட சேத்துப் பாக்கக்கூடாது எண்டு தூண்டில் அடுக்கின பக்கம் போய் நிண்டார். நான் ஒவ்வொண்டா இருந்து பாத்தன். மெத்தைத் துண்டு மாதிரி ஒண்டு, இறகு போலப் பாரமில்லை, ஆனா நிலத்தோட. முக்காலி ஒண்டு, சாய ஏலாது, வசந்தச் சேத்தில கால் புதைஞ்சிடும். கைபிடி வைச்ச மடக்குக் கதிரையொண்டு, ஐயோ, என்ன சுகம்! ஆனா அந்தக் கைபிடிக்குள்ள துவக்கைத் திருப்ப ஏலாது, தூக்கினா தோள் இறங்கிப்போச்சுது. கடைசியா அலுமினியச் சட்டத்தில ஒரு குட்டிக் கதிரை. ஒரு சாணைவிடக் கொஞ்சம் உயரம். முதுகுக்குத் துணி, தோளில போட ஒரு பட்டி. ஒரு கையாலயே தூக்கினன்.

கதிரையைச் சாமான் அடுக்கின றாக்கையில முட்டக் கொடுத்து, கையில கொண்டுபோன குடையைத் துவக்கு மாதிரி முழங்காலில வைச்சுக்கொண்டு, அசையாமல் இருந்தன். கனநேரம் இருந்தன். கடைக்காரப் பெட்டை ஓடி வந்து "சா வா, மடாம்?" எண்டு பிரெஞ்சில சுகம் கேட்டாள். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "வீ" எண்டு ஓம் சொன்னன். அவள் போக, கோயிலில எனக்குத் திருநீறு கொண்டுவந்து தாற அதே மனிசி வண்டில் தள்ளிக்கொண்டு வந்தா. "என்னக்கா, தலைச்சுத்தோ? அண்ணை எங்கை?" எண்டு பதறினா. "இல்லை, வான்கோழி சுடப்போறன்," எண்டன். அவ திறந்த வாயை மூடாமலே போனா. தூண்டில் பக்கத்தில ஒரு தலை கீழ பதிஞ்சதைக் கண்டன்.

அந்தக் கதிரையைத்தான் வாங்கினது. முதுகிலயும் இருக்கையிலயும் தடிப்பான பொலித்தீன் உறை போட்டிருந்தது. வீட்டை வந்து நான் மடக்கி விரிச்சுப் பாக்கேக்க மனிசன் சொன்னார், "உறையைக் கழட்டாதையும். ஈரம் பட்டாப் பழுதாப்போம்." ஆள் சண்டையில நிண்டாலும் சாமானில கவனம். எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டது. எங்கட வீட்டு சோபா வாங்கின நாள் தொட்டு பொலித்தீனுக்குள்ளதான் கிடக்கு. கோடையில மகளின்ர தொடை ஒட்டிப் பிடிச்சு, எழும்பேக்க கத்துவாள். ரீவி றிமோட்டுக்கும் உறை. அதைப் பற்றி ஒருநாளும் யோசிச்சதில்லை.

அடுத்த சனிக்கிழமை விடியக்காலை சிநேகிதி காரோட வாசலில நிண்டாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலம் தாண்டி, அவளின்ர தமையன்ர பண்ணைக்குப் போனம். கதிரை என்ர தோளில, துவக்கு என்ர கையில. அவள் "தா" எண்டு கை நீட்டினாள், நான் குடுக்கேல்லை. வயலும் காடும் முட்டுற இடத்தில ஒரு பெரிய மேப்பிள் மரத்தில முதுகைக் கொடுத்து இருந்தன். அவள் கூப்பிடு தூரத்தில இன்னொரு மரத்தில. சும்மா சொல்லக்கூடாது, அச்சாக் கதிரை. நாரி ஒரு முறைப்பாடும் சொல்லேல்லை.

சிநேகிதி கையில இருந்த மரப்பெட்டியை உரசிப் பேட்டு வான்கோழியின்ர குரல் எழுப்பினாள். தூரத்தில ஒரு வான்கோழிச் சேவல் மறுமொழி சொன்னது. பேந்து கிட்டச் சொன்னது. பேந்து வயல் ஓரத்தால தலையை நீட்டி, செட்டையை விரிச்சுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார்.  துவக்கு முழங்காலில. இன்னும் நாலு அடி வந்தாச் சரி. துவக்கின்ர வாயை ஒரு நூல் திருப்பினன், அதோட இடுப்பும் ஒரு நூல் திரும்பிச்சுது.

சரக்!

அந்த அமைதியில அது பட்டாசு வெடிச்ச மாதிரிக் கேட்டது. சேவலின்ர கழுத்து நெட்டுக்க நிண்டது. அடுத்த கணம் அது இல்லை. மறைஞ்சே போச்சுது.

சிநேகிதி எழும்பி வந்தாள். முதலில என்னைப் பாத்தாள், பேந்து எனக்குக் கீழ பாத்தாள். "தபர்நாக்!" எண்டாள். இஞ்சத்தைய ஆக்களின்ர தூசணம் அது, வேர்ஹவுசில ஒரு நாளைக்குப் பலமுறை கேப்பன். "பிளாஸ்டிக்கை ஏன் கழட்டேல்லை?" எண்டு பிரெஞ்சில கேட்டாள். நான் என்னத்தைச் சொல்லுறது? பழுதாப்போம் எண்டு பயந்து, எண்டன். "எது பழுதாப்போம்?" எண்டாள். கதிரை எண்டு சொல்ல வாயெடுத்தன், வரேல்லை. கோபக் கொதிதான் வந்துது. கண்ணும் கலங்கிச்சுது, சொல்லுறதில என்ன வெக்கம்? கதிரையை எங்கட சோபா மாதிரி வைச்சிருந்தனான். என்னை வீட்டில எல்லாருமாச் சேந்து அந்தக் கதிரை மாதிரி வைச்சிருக்கினம்.

"போவமோ?" எண்டாள். "நோ," எண்டன்.

அவளிட்டக் கத்தியை வாங்கி உறையைக் கிழிச்சுச் சுருட்டிப் பைக்குள்ள அடைஞ்சன். திரும்ப இருந்தன். பனி துணியில இறங்கிக் காற்சட்டையும் நனைஞ்சது. நனையட்டும். ஒரு சேவலும் வரேல்லை. நுளம்பு மட்டும் வந்துது. கடைசி மணித்தியாலம் நாரி நெருப்பா நொந்தது, பொய் சொல்லமாட்டன். பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

மத்தியானத்தோட வேட்டை நேரம் முடியும். துவக்கில இருந்த தோட்டாவைக் கழட்டி, துவக்கை ஓரமா வைச்சன். அவள் கிட்ட வந்து கையை நீட்டினாள். "விடு," எண்டன், தமிழில. விளங்கிச்சோ இல்லையோ, நிண்டிட்டாள். ரண்டு கையையும் முழங்காலில ஊண்டி, "முருகா" எண்டு ஒருக்கா எழும்பப் பாத்தன், ஏலேல்லை. மூச்சு விட்டன். திரும்ப ஒருக்கா. எழும்பினன்.

வீட்டு வாசலில மனிசன் நிண்டார். என்ர முகத்தைப் பாக்கேல்லை, நடையைத்தான் பாத்தார்.

"எங்கை வான்கோழி?"

"ஓடியிட்டுது."

"நீர்?"

"நானாத்தான் எழும்பினனான். வேணுமெண்டா அவளைக் கேளுங்கோ."

சிநேகிதி கார் கண்ணாடியை இறக்கிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதைப் பாத்திட்டு, தோளில கிடந்த கதிரையைப் பாத்தார். "உறை எங்கை?"

 துவக்கைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டினன். குசினியில கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போனன். சோபாவின்ர பொலித்தீனை மூலையில குத்தி, நடுவால நீட்டுக்கு வெட்டினன்.

"இஞ்சாரும்! உமக்கென்ன விசரே? பழுதாப்போம்!"

"பழுதாப்போகட்டும்," எண்டு சொல்லி, சேத்துக் காற்சட்டையோடயே அதில இருந்தன். என்ன மெத்தெண்ட துணி! வாங்கேக்க கடையில ஒருக்காத் தொட்டதுக்குப் பிறகு இப்பத்தான் தொடுறன்.

 அவர் பேந்து வந்து, பொலித்தீனை ஒரு பக்கமாத் தள்ளிப்போட்டு, எனக்குப் பக்கத்தில நுனியில இருந்தார். உள்ளங்கையால துணியைத் தடவிப் பாத்தார்.

"வாற சனியும் போறன்," எண்டன். "தேத்தண்ணியை நீங்களே போட்டுக் குடியுங்கோ."

துவக்கு விக்கிற கதையை அவர் அதுக்குப் பிறகு எடுக்கேல்லை. எடுத்துப் பாக்கட்டும்!