பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண்

சாயங்கால ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது என் அண்ணன் மகள் ரோசி போன் செய்தாள். "அத்தை, எஸ்தர் டீச்சர் போயிட்டாங்க." மணியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. டீச்சர் என்னைவிட இளையவர். கர்த்தருக்கு அப்படி என்ன அவசரமோ!

அவர் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை. எட்டாம் வகுப்போடு நின்ற நான் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர். அவரிடம் படித்த பழைய மாணவர்கள் உங்களுக்குத் தெரியாததா? "உலோகத்தின் பெயர் முன்னால, இணைஞ்சதோட பெயர் பின்னால. சோடியம் குளோரைடு. ஆனா இரும்பு மாதிரி மின்சுமை மாறுற உலோகம்னா, பக்கத்துல ரோமன் எண் போடணும்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

ரோசி பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதிய வருடம். பெயர் சொல்லாமல் ஒரு உப்பைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் சோதித்து அதன் பெயரை எழுத வேண்டும். உப்புகளை எடுத்து வைப்பது என் வேலை. திரேஸ்புரத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் என் அண்ணன் ஒரு சீலா மீனோடு வந்து நின்றான்.

"ஏளா, ரோசிக்கு என்ன உப்புன்னு ஒரு வார்த்த சொல்லிரு. மாதா கோவிக்க மாட்டா."

"மாதாவ ஏன் இழுக்க? மீன எடுத்துட்டுப் போ."

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம். கூடப்பிறந்தவன்; நாளைக்கும் வருவான். மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு, உப்புகளைத் தானே வெறும் குப்பிகளில் மாற்றி எண் மட்டும் ஒட்டினார். "இனி உங்களுக்கே தெரியாதுக்கா. அண்ணாச்சிகிட்ட மனசறிஞ்சு பொய் சொல்ல வேண்டாம்."

தேர்வில் ரோசி சரியாகத்தான் சோதித்தாள். ஆனால் 'இரும்பு குளோரைடு' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "பிள்ளை கண்டுபிடிச்சிட்டாளே, முழு மார்க் போட்டுருவோம்" என்றார்.

"இரும்பு குளோரைடு ரெண்டு இருக்கு சார். இவ எதைச் சொல்றா?" என்று டீச்சர் கேட்டார். மார்க் குறைந்தது.

அண்ணன் பள்ளி வாசலில் வந்து கத்தினான். "ஒரு எண்ணுக்காக எம்புள்ள மார்க்க வெட்டிட்டீகளே!"

"அண்ணாச்சி, உங்க வள்ளத்துக்கு என்ன பேரு?"

"அந்தோணியாரு."

"திரேஸ்புரத்துல அந்தோணியார்னு எத்தனை வள்ளம்?"

"அது கெடக்கு ஏகப்பட்டது."

"அப்ப உங்களுத எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நம்பரு எழுதியிருக்க..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். பக்கத்தில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஏளா ரோசி, டீச்சரம்மா சொல்லுதது நியாயந்தான். வா, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

ரோசி இப்போது கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். டீச்சரின் சொந்த ஊரான நாசரேத்தில் அடக்கத்தன்று அண்ணன் கடலுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடாமலே முன்னால் போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

எனக்கு அவர் விட்டுப்போனது ஒன்று உண்டு. அந்த வருடத்திலிருந்து உப்புகளை மாற்றி எண் ஒட்டுவது ஆசிரியர்கள்தான்; நான் வெளியே நிற்பேன். தேர்வு நேரத்தில் யார் வந்து கேட்டாலும், முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்பேன். அது சத்தியம்.