வேலூர் பஸ் ஏறிய முகூர்த்தப் புடவை

வெள்ளிக்கிழமை தங்கைக்குக் கல்யாணம். நெய்யக் கொடுத்திருந்த முகூர்த்தப் புடவையை வாங்கி வர, புதன்கிழமை காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து காரில் கிளம்பினேன். சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். வழியில் டிபன் எண்பது ரூபாய், காபி கஷாயம். ஒன்பதரைக்கு ஆரணியை ஒட்டிய சேவூர்.

அப்பாவும் மகனுமாக நடத்தும் பட்டுக்கடை அது. பெரியவர் பொட்டலத்தில் பேர் எழுதவே மாட்டார், கண் பட்டுவிடுமாம். துணியில் சுற்றியிருந்தாலும் எது யாருடையது என்று தொட்டே சொல்லிவிடுவார். மகன் குமரன் விடுவானா? முந்தின நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் எல்லாவற்றிலும் பேர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். பெரியவர் திரும்பி வந்து, பசை பட்டால் பட்டு கெடும் என்று அத்தனையையும் உரித்துவிட்டுத் துணியை மாற்றிச் சுற்றினார். அப்புறம், பையன் முகம் வாடுமே என்று திரும்ப ஒட்டினார், கைக்கு வந்த வரிசையில்!

தங்கை பேர் போட்ட பொட்டலத்தைப் பிரித்தால் கத்தரிப்பூ நிறம். நாங்கள் கேட்டது அரக்கு. பெரியவர் கடையிலிருந்த மற்ற பொட்டலங்களைத் தொட்டுப் பார்த்தார், அரக்கு இல்லை. அன்று வெளியே போக வேண்டியவை இரண்டே பொட்டலம். மற்றது வேலூர்க்காரர்களுடையது, அதை ஆட்டோக்காரர் அப்போதுதான் வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மூவரும் காரில் பாய்ந்தோம்.

“உன் ஸ்டிக்கரால வந்த பேஜார்டா இது!” என்றார் பெரியவர்.

“உரிச்சது யாருப்பா? நானா?”

“தம்பி, நீங்க ஜல்தி போங்க. இவன்கிட்ட பேசிகினு இருந்தா பஸ்ஸ புடிக்க முடியாது.”

வழியெல்லாம் பேசியது அவர்தான்.

நல்லவேளை, கண்ணமங்கலத்தில் பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் மசியவில்லை. “குடுத்தது ஆட்டோக்காரரு. பேரும் வேலூர்க்காரங்க பேரு. உங்களுதுன்னு எப்டிங்க நம்புறது?”

“பிரிச்சிப் பாருங்க. முந்தியில நெல்லுக்கதிரு சாஞ்சிகினு இருக்கும். என் பையன் போட்ட டிசைனுங்க! ஆரணியில வேற எந்தத் தறியிலயும் இது கிடையாது!”

பஸ் முழுக்கக் கேட்டது. ஓரத்தை விலக்கினார் கண்டக்டர். அரக்கில் தங்கக் கதிர்கள். “அம்மாடி!” என்று ஜன்னலோரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என் தங்கை கட்டப்போகும் புடவையாச்சே, எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. கத்தரிப்பூவைக் கொடுத்துவிட்டு அரக்கை வாங்கிக்கொண்டோம்.

திரும்பும்போது பெரியவர் பழையபடி திட்ட ஆரம்பித்தார். குமரன் என் காதருகே குனிந்தான். “அண்ணே, என் டிசைன்னு சொன்னாரே, வீடியோ எடுத்தீங்களா?”

இல்லை என்றேன்.

“போச்சு. இதுவரைக்கும் சொன்னதே இல்லண்ணே.”

ஆரணிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். தெருக்கள் குறுகல், காரை மெயின் ரோட்டிலேயே விடுங்கள். பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள்.

கல்யாணத்துக்குப் பெரியவர் மட்டும் வந்தார். முந்தியைத் தொட்டுப் பார்த்த என் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும், “என் பையன் போட்ட டிசைனுங்க!” என்று அதையே சொன்னார். இந்த முறை என் போன் தயாராக இருந்தது.