இரும்பு பிடித்த கை

எனக்கு வலிப்பு வரும்போதெல்லாம் வீட்டில் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு விட்டுவிடும் என்பது பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே விட்டுவிடும். நல்ல பெயர் மட்டும் சாவிக்குப் போகும்.

எனக்குப் பதினேழு வயதானபோது, ரயிலில் வேலை பார்த்த அப்பா இந்த வைத்தியத்தை ஒரு படி மேலே கொண்டுபோனார். நாள் முழுக்க இரும்பைப் பிடித்திருப்பவனை வலிப்பு எப்படி அண்டும் என்று யோசித்து, தெரிந்தவரின் கொல்லுப்பட்டறையில் சேர்த்துவிட்டார். பட்டறைக்காரருக்கும் அது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான். சில மாதங்கள் ஒன்றும் வரவில்லை. அம்மா எனக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு மதியம் உலையருகே விழுந்தேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியின் மேல் இடது கை பட்டு வெந்துபோனது. வலது கையில் சுத்தியல் அப்படியே இருந்ததாம். விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவரிடம் அப்பா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"கையில சுத்தியல் இருந்துச்சுங்க ஐயா. அதுவும் இரும்புதானே?"

எனக்குக் கையைவிட அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. தீ, மிஷின், ஏணி இருக்கிற வேலைக்கு இனி அனுப்பாதீர்கள் என்றார் கட்டுப் போட்டவர். அவை இல்லாத வேலை எது என்று அவர் சொல்லவில்லை. பட்டறைக்காரர் என்னைத் திரும்ப எடுக்கவில்லை.

அடுத்துப் போகிற இடத்தில் வாயைத் திறக்காதே என்றார் அப்பா. அப்படி மறைத்துச் சேர்ந்த இரண்டு வேலைகளும் முதல் வலிப்போடு போயின. எனக்கு வெறுத்துவிட்டது. கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டபோது வாசலிலேயே சொல்லிவிட்டேன். நாகூர்க்காரரான முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வரப்போறது முன்னாடியே தெரியுமா தம்பி?"

"கொஞ்சம் தெரியும் முதலாளி. வயித்தப் புரட்டும்."

"அப்ப துணியைக் கீழ வச்சிட்டு உக்காந்துக்க."

சில வாரங்களில் வந்தது. கண் விழித்தபோது துணிக்கட்டுகளுக்கு நடுவே கிடந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. துணி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் போயிற்று என்று எழுந்து செருப்பைத் தேடினேன். முதலாளி அடுக்கிலிருந்து புதுச் சாரம் ஒன்றை உருவி நீட்டினார்.

"மாத்திக்கிட்டு வா. அந்த அம்மா சீட்டித்துணி பாக்கணுமாம்."

உள்ளே போய் அழுதேன். திரும்பி வந்ததும் அந்த அம்மா, எந்தச் சீட்டி சாயம் போகாது என்று என்னிடமே கேட்டார்.